முன் டயர் சிறுத்தால் ஹேண்டில் லேசாகுமா?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் முன் டயர் பற்றித்தான். பெரிய வண்டி வாங்கியவர்கள் கூடிவிட்டார்கள், வாங்கிய ஆறாவது மாதம் தோள்பட்டை வலியும் கூடவே வந்துவிடுகிறது போல. அதனால் இன்ஜின் ஆயில், மைலேஜ் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இந்தத் தடவை முழுக்க முன் சக்கரம்தான்.

கேள்வி: ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650 வைத்திருக்கிறேன். ஹைவேயில் ராஜா. ஆனால் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் தோள் கழன்றுவிடுகிறது. கூட வரும் நண்பனிடம் அதே கம்பெனியின் ஷாட்கன் 650. அதே இன்ஜின், எடையும் ஏறக்குறைய அதேதான், அவன் சிரித்துக்கொண்டே ஒடித்துத் திருப்புகிறான். முன்னால் இருக்கும் 100/90-19 டயரைக் கழற்றிவிட்டு 90/90-19 போட்டால் வண்டி பூ மாதிரி திரும்பும் என்கிறார் டயர் கடைக்காரர். போடலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

முதலில் அந்த எண்களைப் பார்த்துவிடுவோம். 100/90-19 என்றால் டயரின் அகலம் 100 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 19 இன்ச். கணக்குப் போட்டால் மொத்த விட்டம் 662 மி.மீ. சொச்சம் வரும். 90/90-19-க்கு 644 சொச்சம். ஆக, கடைக்காரர் சொல்கிறபடி செய்தால் டயர் ஒல்லியாவதோடு குட்டையாகவும் ஆகும், முன் சக்கரத்தின் அச்சு 9 மி.மீ. கீழே இறங்கும். இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஹேண்டில் லேசாவதில் பெரிய பங்கு அதற்குத்தான்.

ஏன் என்று கேட்டால், ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும், ஏனென்றால் சக்கரம் தரையைத் தொடும் இடம், அது சுழலும் கம்பிக்குப் பின்னால் இருக்கிறது. மோட்டார் சைக்கிளிலும் அதே கதைதான். ஹேண்டில் சுழலும் அச்சை ஒரு கோடாக நீட்டித் தரை வரை கொண்டுவந்தால், அது டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் வந்து விழும். இந்த இடைவெளிக்குப் பெயர் ட்ரெயில். அது அதிகமாக இருந்தால் வண்டி நேராகப் போகப் பிடிவாதம் பிடிக்கும், குறைந்தால் சொன்னபடி திரும்பும். சூப்பர் மீட்டியோரில் இது 118 மி.மீ., ஷாட்கனில் 101. உங்கள் நண்பர் சிரிப்பதற்குக் காரணம் அந்தப் பதினேழு மில்லிமீட்டர்தான்.

இப்போது உங்கள் 90/90-க்கு வருவோம். முன்பக்கம் 9 மி.மீ. இறங்கும்போது சக்கரமும் சிறிதாகிறது, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் போர்க்கின் சாய்வும் மூன்றில் ஒரு டிகிரி போலக் குறைகிறது, இரண்டும் சேர்ந்து ட்ரெயிலில் சுமார் 7 மி.மீ. போகும். அதாவது உங்களுக்கும் நண்பருக்கும் இடையே உள்ள தூரத்தில் பாதியைக்கூட இந்த டயர் கடக்காது. டயர் ஒல்லியாவதால் கொஞ்சம் உதவி உண்டு. முனை கூர்மையாக இருப்பதால் சாய்க்கத் தொடங்கும்போது எதிர்ப்புக் குறையும், சுற்றுகிற எடையும் கொஞ்சம் குறையும். ஆனாலும் "பூ மாதிரி" எல்லாம் ஆகாது. 241 கிலோ வண்டி 241 கிலோதான்.

ஷாட்கனை கம்பெனி எப்படிச் செய்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். முன்னால் 19-ஐ 18 ஆக்கினார்கள், டயர் அகலம் மட்டும் அதே 100/90. பின்னால் 150/80-16 போய் 150/70-17 வந்தது, ஆனால் விட்டக் கணக்குப் போட்டால் பின் டயர் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றேதான். போர்க்கைக் குட்டையாக்கி, பின் ஷாக் அப்சார்பரை நீட்டி, வண்டியை முன்பக்கம் குனிய வைத்தார்கள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருந்த 1500 மி.மீ. 1465 ஆயிற்று. ஹேண்டிலும் ஃபுட்ரெஸ்ட்டும் இடம் மாறின. இவ்வளவையும் சேர்த்துச் செய்த வேலையை டயர் கடையில் அரை மணி நேரத்தில் முடித்துவிட முடியுமா?

சரி, போட்டால் என்னதான் கெடும்? ஊருக்குள் ஒன்றும் கெடாது, நன்றாகவே இருக்கும். இதே மாற்றத்தைச் செய்த நண்பர் ஒருவரின் வண்டியை ஒரு நாள் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். பேருந்து நிலையம் பக்கம் ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து போனபோது, பரவாயில்லையே, நாமும் போடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் பைபாஸ் ஏறினேன். 100-ஐத் தாண்டியதும் ஹேண்டிலில் மெல்லிய சிணுங்கல். ஒரு கன்டெய்னர் லாரியைத் தாண்டும்போது அதன் முகப்பிலிருந்து அடித்த காற்றில் முன் சக்கரம் ஒரு விரல்கடை நகர்ந்து திரும்பி வந்தது. விழுந்துவிடுவேன் என்று பயமில்லை, ஆனால் இரண்டு கையும் தானாக இறுகிவிட்டன, இறுக்கிப் பிடித்தால் சிணுங்கல் இன்னும் கூடுகிறது. ஹைவேயில் ராஜா என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிம்மாசனத்தைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 57ஹெச் என்று போட்டிருக்கும். 57 என்றால் அந்த டயர் 230 கிலோ தாங்கும், ஹெச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. கடையில் கிடைக்கும் 90/90-19 பெரும்பாலும் 350 சிசி வண்டிகளுக்காகச் செய்தது, 52பி (ஆங்கில P) என்று இருக்கும். 200 கிலோ, 150 கி.மீ. உங்கள் வண்டி 150-ஐத் தாண்டி ஓடும் வண்டி. நீங்கள் ஓட்ட மாட்டீர்கள் என்பது வேறு. பின்னால் வீட்டம்மாவும் பையும் ஏறி, இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தினால் மொத்தக் கனமும் முன் டயர் மேல் சாயும். எண்ணைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஒல்லி டயர் போட்டால் பிடிப்பு பாதியாகிவிடும் என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் நம்பாதீர்கள். தரையில் படியும் பரப்பை டயரின் அகலத்தைவிட அதன் மேல் ஏறும் எடையும் உள்ளே இருக்கும் காற்றும்தான் அதிகம் தீர்மானிக்கின்றன, அகலம் மாறும்போது அந்தப் பரப்பின் வடிவம்தான் மாறும். நான் கவலைப்படுவது சுமையும் சூடும் பற்றித்தான்.

ஏபிஎஸ் கதையும் உண்டு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. முன் சக்கரமும் பின் சக்கரமும் சுற்றும் வேகத்தை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அது வேலை செய்கிறது. 90/90 போட்டால் முன் சக்கரம் இரண்டே முக்கால் சதவீதம் போல வேகமாகச் சுற்றும். அவ்வளவை அது பொறுத்துக்கொள்ளக்கூடும். 18 இன்ச் ரிம்மையே தூக்கி மாட்டுகிறேன் என்று போனால் நான்கு சதவீதத்தைத் தொடும், அந்தச் சோதனைக்கு நான் வரமாட்டேன்.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். டயரில் கை வைக்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது காற்று. சிரிக்காதீர்கள், நானே இதில் ஏமாந்தவன். என் வண்டியில் ஹேண்டில் கனக்கிறது என்று கோன் செட்டை (ஹேண்டில் சுழலும் இடத்தில் இருக்கும் பேரிங்) மாற்றினேன், போர்க் ஆயில் மாற்றினேன், மெக்கானிக்கிடம் சண்டையும் போட்டேன். கடைசியில் ஒரு நாள் சொந்தமாகக் கேஜ் வாங்கி வைத்துப் பார்த்தால் முன் டயரில் 19 காட்டுகிறது. முந்தைய நாள்தான் வழக்கமான பங்க்கில் 30 அடித்திருந்தேன். அந்த மிஷின் எத்தனை மாதமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்ததோ. சரியான காற்று அடித்து ஓட்டியதும், செலவழித்த பணமெல்லாம் கண்முன் வந்து போயிற்று. வண்டி குளிர்ந்திருக்கும்போது, காலையில், சொந்தக் கேஜில் பாருங்கள். எவ்வளவு என்பது வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இருக்கும்.

இரண்டாவது பின் டயர். ஹைவேயிலேயே ஓடிய வண்டியில் பின் டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாகியிருக்கும். உள்ளங்கையை டயர் மேல் குறுக்கே வைத்துத் தடவினால் வட்டமாக இல்லாமல் இரண்டு ஓரத்திலும் விளிம்பு தட்டுப்படும். அப்படி இருந்தால் முன்னால் என்ன டயர் போட்டாலும் வண்டி சாய மறுக்கும், சாயத் தொடங்கினால் சட்டென்று விழுகிற மாதிரி இருக்கும். 150 அகலப் பின் டயர் தேய்ந்தால் இது இன்னும் மோசம்.

மூன்றாவது, கொண்டை ஊசியில் நீங்கள் கையால்தான் திருப்புகிறீர்களா? தோள் வலிக்கிறது என்றாலே எனக்கு அந்தச் சந்தேகம் வருகிறது. வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட்டு, இன்ஜின் இழுத்துக்கொண்டே இருக்கும்படி லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, முகவாய் தோளைத் தொடும் அளவுக்குத் தலையைத் திருப்பி வளைவின் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். உள்பக்கக் கையால் ஹேண்டிலை முன்னோக்கி லேசாகத் தள்ளுங்கள், வண்டி அந்தப் பக்கம் சாயும். மிக மெதுவான வளைவில் இந்தத் தள்ளல் வேலை செய்யாது, அங்கே அரை கிளட்ச்சும் பின் பிரேக்கும்தான். முன் பிரேக்கைத் தொடவே தொடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காலியான மைதானத்தில் பத்து முறை எட்டுப் போடுங்கள், டயர் ஆசையே போய்விடலாம்.

இதெல்லாம் செய்தும் போதவில்லை என்றால், நல்ல மெக்கானிக்கிடம் சொல்லி போர்க்கை அதைப் பிடித்திருக்கும் க்ளாம்ப்பில் 5 மி.மீ. மட்டும் மேலே ஏற்றிப் பாருங்கள், முன்பக்கம் அவ்வளவு தாழும். டயர் மாற்றத்தில் கிடைப்பதில் ஒரு பங்கு இதிலேயே கிடைக்கும், பிடிக்கவில்லை என்றால் அன்று மாலையே பழையபடி இறக்கிவிடலாம். இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும், போர்க் முழுசாக அமுங்கும்போது மட்கார்டு எங்கும் இடிக்கக் கூடாது.

கேள்வி: 2016 கிளாசிக் 350. முன்னால் 90/90-19 இருந்தது, பார்க்க நோஞ்சானாக இருக்கிறதே என்று 110/90-19 போட்டேன். கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து திருப்புவதற்கு எருமையை இழுப்பது போல இருக்கிறது. ஹேண்டிலை உயரமாக மாற்றினால் சரியாகுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நோயை நீங்களே வாங்கி வந்துவிட்டு, கேள்வியிலேயே மருந்தையும் எழுதியிருக்கிறீர்கள். 90/90-க்குத் திரும்பிப் போங்கள். மேலே நாமக்கல் வாசகருக்கு வேண்டாம் என்றேன், உங்களுக்கு வேண்டும் என்கிறேன், முரண்பாடு என்று நினைக்காதீர்கள். அவர் கம்பெனி அளவிலிருந்து கீழே இறங்கப் பார்க்கிறார், நீங்கள் கம்பெனி அளவுக்கு வந்து சேருகிறீர்கள்.

110/90-19-இன் விட்டம் 680 மி.மீ. உங்கள் பழைய டயரைவிட 36 மி.மீ. அதிகம், ஆக முன்பக்கம் 18 மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கிறது. நாமக்கல்காரர் குறைக்கப் பார்ப்பதைப் போல இரண்டு மடங்கை நீங்கள் எதிர்த் திசையில் ஏற்றிவிட்டீர்கள். டயரின் எடை கூடிவிட்டது, அதுவும் சக்கரத்தின் வெளி ஓரத்தில் கூடியிருக்கிறது, சுற்றும்போது பம்பரம் மாதிரி நேராகவே நிற்கப் பார்க்கும். போதாததற்கு உங்கள் ரிம் ஒல்லி. ஒல்லி ரிம்மில் குண்டு டயரைத் திணித்தால் டயர் மேலே போய்க் குவிந்து பல்பு மாதிரி ஆகும், பக்கச் சுவர் ஆடும். ரிம்மிலேயே அச்சடித்திருக்கும் எண்ணைத் துடைத்துப் பாருங்கள், 1.85 அல்லது 2.15 என்று இருக்கும், இன்ச்சில் ரிம்மின் அகலம் அது. 90/90 இந்த இரண்டிலும் உட்காரும்.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் ஸ்பீடோமீட்டர் ஒயர் முன் சக்கரத்திலிருந்துதான் போகிறது. குண்டு டயர் மாட்டியதிலிருந்து அது உண்மையைவிடக் குறைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறது. 80 என்று முள் நிற்கும்போது நீங்கள் அதைவிட நாலைந்து கிலோமீட்டர் வேகமாகப் போயிருப்பீர்கள்.

ஹேண்டிலை உயர்த்துவது பற்றி: நெம்புகோல் நீளமானால் கைக்கு இலகுவாகத் தெரியும், உண்மைதான். ஆனால் எருமை எருமையாகவே இருக்கும், கயிறுதான் நீளமாகும்.

கேள்வி: என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அண்ணன் வெளிநாடு போனதால் அவருடைய கிளாசிக் 350 என்னிடம் வந்துவிட்டது. ஓட்டப் பிடிக்கிறது, சிக்னலில் நிற்கத்தான் பயம், நுனிக்கால்தான் எட்டுகிறது. முன் டயரைச் சின்னதாகப் போட்டால் வண்டி தாழும், திருப்பவும் சுலபம் என்று பக்கத்து வீட்டு அங்கிள் சொன்னார். (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அங்கிளுக்கு நல்ல மனசு, கணக்குதான் கொஞ்சம் இடிக்கிறது. புதிய தலைமுறை கிளாசிக்கில் இருக்கும் 100/90-க்குப் பதில் 90/90 போட்டால் முன் அச்சு 9 மி.மீ. இறங்கும். நீங்கள் உட்காருவது முன் அச்சுக்கு மேல் இல்லையே அம்மா, பின் சக்கரத்தை ஒட்டித்தானே. சீட் இருக்கும் இடத்தில் இறங்குவது இரண்டு மூன்று மில்லிமீட்டர். செருப்பு மாற்றினால் அதைவிட அதிகம் கிடைக்கும். இன்னொரு தொல்லையும் வரும். வண்டி தாழ்ந்து சைடு ஸ்டாண்ட் அதே நீளத்தில் இருந்தால், வண்டி முன்னைவிட நிமிர்ந்து நிற்கும். கோவையில் பல வீட்டு வாசலில் சரிவு உண்டு, நிறுத்திவிட்டுப் பால் வாங்கி வருவதற்குள் அந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கும்.

கிளாசிக்கின் சீட் உயரம் 805 மி.மீ. சீட் கடையில் கொடுத்து ஃபோமை இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறக்குங்கள், அதைவிட முக்கியம் முன்பக்க ஓரங்களைச் செதுக்கச் சொல்லுங்கள். உயரத்தைவிடத் தொடை அகலமாக விரிவதால்தான் பலருக்குக் கால் எட்டுவதில்லை. அடியில் கெட்டியான சோல் உள்ள ஷூ போடுங்கள். சிக்னலில் இரண்டு காலும் ஊன்ற வேண்டும் என்று யார் சொன்னது? இடது பாதம் முழுசாக ஊன்றி, வலது கால் பின் பிரேக்கில் இருந்தால் போதும். நிற்பதற்கு முன்பே இடது பக்கம் லேசாக நகர்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒருவேளை வண்டியையே மாற்றுகிற எண்ணம் வந்தால், அதே 350 இன்ஜினில் மீட்டியோரின் சீட் 765 மி.மீ. தான், ஹண்டர் 790. ஒரு முறை போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள், காசா பணமா.

கேள்வி: பின் டயரை முன்னால் போடலாமா? ஒரே அளவுதான். (வாசகர், திருப்பூர்)

பதில்: கூடாது. முன் டயரின் பட்டன் (தரையில் படும் வெட்டு) தண்ணீரை ஒதுக்கவும் பிரேக் போடும் விசையைத் தாங்கவும் வெட்டியது, பின் டயரின் பட்டன் இழுவைக்கு. சில டயர்களில் முன்னால் ஒரு திசை, பின்னால் எதிர்த் திசை என்று இரண்டு அம்புக்குறி போட்டிருப்பார்கள், அந்த டயரை மட்டும் அம்புப்படி இரண்டு பக்கமும் போடலாம்.

கேள்வி: ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். மலைக்கெல்லாம் போகிற ஆசை வாங்கும்போது இருந்தது, இப்போது ஆபீஸுக்கும் வீட்டுக்கும்தான் போகிறது. முன்னால் 21 இன்ச் சக்கரம் ஊருக்குள் சோம்பலாக இருக்கிறது. 19 இன்ச் ரிம் போட்டுக்கொள்ளலாமா? (வாசகர், சென்னை 42)

பதில்: நீங்கள் நினைத்ததை கம்பெனியே நினைத்து 2022-இல் ஸ்க்ராம் 411 என்று விற்றது. அதே இன்ஜின், முன்னால் 90/90-21-க்குப் பதில் 100/90-19. ஆனால் அவர்களும் ரிம்மை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. முன் போர்க் அமுங்கும் தூரத்தை 200-இலிருந்து 190 மி.மீ. ஆக்கினார்கள், எடையில் சில கிலோ குறைத்தார்கள், தரையிலிருந்து வண்டியின் உயரம் 220-இலிருந்து 200 ஆயிற்று. அடுத்த தலைமுறையிலும் இதே கதைதான். ஹிமாலயன் 450-க்கு முன்னால் 21, அதே இன்ஜினில் 2024-இல் வந்த கொரில்லா 450-க்கு இரண்டு பக்கமும் 17.

உங்கள் வண்டியில் 19 போட்டால் முன் அச்சு 16 மி.மீ. இறங்கும், ஊருக்குள் வித்தியாசம் நன்றாகவே தெரியும். இந்தப் பக்கத்தில் வந்த கேள்விகளில் பலன் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் என்றால் இதுதான். ஆனால் ரிம், கம்பி, கம்பி கட்டும் கூலி, டயர், ட்யூப் என்று பில் நீளும், ஏபிஎஸ் வளையமும் டிஸ்க்கும் ஹப்பில் அப்படியே சரியாக உட்கார வேண்டும், சக்கரத்தைக் கோட்டம் இல்லாமல் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அவ்வளவு செலவு செய்வதற்கு உங்கள் வண்டியைக் கொடுத்துவிட்டு யாராவது ஓட்டிய ஸ்க்ராமை வாங்கிவிடலாமே என்பது என் எண்ணம். மலை ஆசை திரும்பி வராது என்று அவ்வளவு நிச்சயமாகத் தெரியுமா என்று வேறு யோசித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் 21 இன்ச் ஏறி இறங்கும் அழகு 19-க்கு வராது.

கேள்வி: டயர் அளவை மாற்றினால் போலீஸ் பிடிக்குமா, இன்சூரன்ஸ் தருவார்களா? (வாசகர், வேலூர்)

பதில்: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைத்தான் பேசுகிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடைமுறையில், ரோட்டில் நிறுத்துகிறவர் குனிந்து டயர் எண்ணைப் படிப்பதை நான் பார்த்ததில்லை, அவர் கண் சைலன்சரில்தான் இருக்கும். ஆனால் விபத்து என்று ஒன்று வந்து, இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து, முன் டயரின் அளவும் சுமை எண்ணும் புத்தகத்தில் இருப்பதைவிடக் குறைவு என்று எழுதிவிட்டால், வாதாட வேண்டியது நீங்கள்தான். உங்கள் மாடலுக்கு கம்பெனியே இரண்டு அளவுகளைக் கொடுத்திருந்தால் அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய புல்லட் 350. எனக்கே இப்போது 58 வயது. இரண்டு பக்கமும் 3.25-19 டயர். முன் டயர் வெடிப்பு விட்டிருக்கிறது. கடையில் 3.25 இல்லை, 90/90-19 போடுங்கள், அது சின்னது, ஹேண்டிலும் லேசாகிவிடும் என்றார்கள். உண்மையில் ஹேண்டில் கொஞ்ச நாளாகக் கனமாகத்தான் இருக்கிறது. (வாசகர், காரைக்குடி)

பதில்: 90/90 தாராளமாகப் போடுங்கள், ஆனால் அது சின்னது இல்லை. 3.25 என்பது இன்ச் கணக்கு, 82 மி.மீ. அகலம், உயரமும் ஏறக்குறைய அதே. விட்டத்தைக் கணக்கிட்டால் 90/90-ஐவிட மூன்று மில்லிமீட்டர்தான் கூடுதல், அகலத்தில் 90/90 கொஞ்சம் தாட்டியும்கூட. ஆகவே டயர் மாற்றுவதால் ஹேண்டில் லேசாகாது. ட்யூபும் ரிம்முக்குள் சுற்றும் ஃபிளாப்பும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள், பழசை உள்ளே விடாதீர்கள். பழைய டயர் காய்ந்து இறுகியிருக்கும், வெடிப்பு விட்டதை வைத்துக்கொண்டு இனி ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம்.

உங்கள் கனத்துக்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, நான் பந்தயம் கட்டுவது கோன் செட் மேல். வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, யாரையாவது பின் சீட்டை அழுத்தச் சொல்லுங்கள், முன் சக்கரம் தரையிலிருந்து எழும்பட்டும். ஹேண்டிலின் ஒரு முனையை ஒற்றை விரலால் தொட்டு இடது கோடியிலிருந்து வலது கோடிக்கு மெதுவாகக் கொண்டு போங்கள். நடுவில் வந்ததும் டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, அப்புறம் கொஞ்சம் பலம் கொடுத்தால்தான் நகர்கிறது என்றால், பேரிங் குண்டுகள் அவை உட்காரும் கோப்பையில் குழி தோண்டிவிட்டன. இத்தனை வருடம் நேராகவே ஓடியதில் ஒரே இடத்தில் இடி வாங்கி வாங்கி வந்த குழி. இறுக்கினாலும் தளர்த்தினாலும் அது போகாது, செட்டையே மாற்றி, கிரீஸ் தாராளமாக வைத்துப் போடச் சொல்லுங்கள். செலவும் ஒரு டயர் விலையை எட்டாது.

அதற்கும் முன்னால் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். பழைய புல்லட் சிலவற்றில் ஹேண்டிலின் நடுவே, ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு திருகு குமிழ் இருக்கும். ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் டாம்பர் அது, சைடு கார் மாட்டியவர்கள் இறுக்கி வைத்து ஓட்டுவார்கள். அதை யாராவது, வண்டி துடைக்கிற பையனோ ஏறி உட்கார்ந்த பேரனோ, விளையாட்டாக வலது பக்கம் திருகி வைத்திருக்கலாம். இடது பக்கம் நாலு சுற்றுத் தளர்த்திவிட்டு ஒரு தெரு சுற்றி வாருங்கள். அப்புறம்தான் மெக்கானிக்கைக் கூப்பிடுவதெல்லாம்.